தோலுக்குள்ள பூச்சி: "இருக்கு" என்றவர்களும் "இல்லை" என்றவர்களும்

"டாக்டர், தோலுக்குள்ள பூச்சி ஊருது."

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்காரும் எந்த டாக்டரும் இதைக் கேட்டிருப்பார். இதைச் சொல்பவர்களில் பெரும்பாலானோருக்கு நிஜமாகவே பூச்சி இருக்கும். ஸ்கேபிஸ். அதாவது நம்ம ஊர் சொறி சிரங்கு. ஒரு களிம்பு, வீட்டில் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் சிகிச்சை, அவ்வளவுதான்.

ஆனால் எப்போதாவது ஒருவர் வருவார். அதே வார்த்தையைத்தான் அவரும் சொல்வார். தோலை எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. அவரோ "நானே கண்ணால பார்த்தேன் சார்" என்பார். மடித்த பேப்பரில் "பூச்சி"யைப் பிடித்தே கொண்டு வந்திருப்பார். பிரித்துப் பார்த்தால் நூல், பொடுகு, காய்ந்த பொருக்கு.

இந்த இரண்டு பேரையும் எப்படிப் பிரித்து அறிவது?

கேட்க சின்னக் கேள்வி மாதிரி இருக்கு. ஆனால் இதற்குப் பதில் கண்டுபிடிக்க மருத்துவத்துக்கு 300 வருஷத்துக்கு மேல் ஆச்சு. அதில் கிட்டத்தட்ட பாதிக் காலம், ஆதாரத்தைக் கண் முன்னால் காட்டியும் நம்ப மறுத்தது நோயாளிகள் இல்லை. எங்க ஆளுங்க, டாக்டர்கள்தான்.

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோட வந்து உட்காருங்க.

வருஷம் 1687. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம். பொனோமோ என்று ஒரு இளம் மருத்துவர், செஸ்தோனி என்று ஒரு மருந்துக்கடைக்காரர். இரண்டு பேரும் நண்பர்கள். அந்த ஊரில் ஏழைப் பெண்கள் சிரங்கு வந்த தங்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, ஊசி முனையால் தோலிலிருந்து எதையோ எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதை செஸ்தோனி கவனித்திருந்தார். பேன் குத்துவாங்களே, அதே மாதிரி. துறைமுகத்தில் சிறைப்பட்டிருந்த அடிமைகளும் ஒருத்தருக்கு ஒருத்தர் இதையே செய்துகொண்டிருந்தார்கள்.

அப்படி என்னதான் எடுக்கிறார்கள் என்று இவர்களும் ஊசியை எடுத்தார்கள். கிடைத்தது ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அது நடந்தது. ஆமை மாதிரி உடம்பு, குட்டிக் கால்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முட்டையும் வைத்தது.

உடனே படம் வரைந்து பிரான்செஸ்கோ ரெடிக்குக் கடிதமாக எழுதினார் பொனோமோ. ரெடி யாரென்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈ வைக்கும் முட்டையிலிருந்து வருகிறது என்று ஜாடிகளை மூடி வைத்து நிரூபித்தவர். அந்தக் கடிதத்தின் சாரம் இதுதான்: சிரங்குக்குக் காரணம் உடம்புக்குள் ஓடும் எந்தக் கெட்ட நீரும் இல்லை, இந்தப் பூச்சி. கூடப் படுப்பவருக்கும் துணி வழியாகவும் பரவுவதும் இதனால்தான். உள்ளுக்கு மருந்து சாப்பிட்டுப் பயனில்லை, தோலின் மேல்தான் மருந்து போட வேண்டும்.

இன்றைய பாடப்புத்தகத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு நோய்க்குக் காரணம் இந்த நுண்ணுயிர்தான் என்று கண்ணால் கண்டு எழுதிய முதல் சில ஆவணங்களில் இதுவும் ஒன்று. பாஸ்டர் பிறக்க இன்னும் 135 வருஷம் இருக்கு!

மருத்துவ உலகம் என்ன செய்தது தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை.

அன்றைய ஐரோப்பிய மருத்துவம் நாலு திரவக் கணக்கில் ஓடியது. உடம்பில் இருக்கும் நாலு திரவங்களில் ஒன்று கெட்டுப்போனால் நோய். நம்ம ஊரில் இப்பவும் "ரத்தம் சுத்தமில்ல, அதான் சிரங்கு" என்பாங்களே, கிட்டத்தட்ட அதே. போப்பாண்டவரின் மருத்துவர் லான்சிசியே பூச்சி மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று மறுத்தார். பொனோமோ வாதத்தை நீட்டாமல் ஒதுங்கிக்கொண்டார். 1703-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ரிச்சர்ட் மீட் என்ற மருத்துவர் இந்தக் கடிதத்தின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் தந்தார். அதற்குப் பிறகும் சிரங்கு நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பதும் பேதிக்குக் கொடுப்பதும் தொடர்ந்தது. சிரங்கை வெளியே அமுக்கினால் அது "உள்ளே போய்" வேறு பெரிய வியாதியாகத் திரும்பும் என்ற பயம் வேறு. அந்தப் பயத்தால் சிகிச்சையே இல்லாமல் சொறிந்துகொண்டே வாழ்ந்தவர்கள் எத்தனை பேரோ.

அடுத்து பாரிஸ். செயின்ட் லூயி மருத்துவமனை. அன்றைக்குத் தோல் நோய்க்கு ஐரோப்பாவிலேயே பெயர் பெற்ற இடம். 1812-ல் அங்கே மருந்தகப் பொறுப்பில் இருந்த காலே என்பவர், சிரங்குப் பூச்சியை நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்துவிட்டதாக ஆய்வேடு சமர்ப்பித்தார். படமும் போட்டிருந்தார். பெயரும் புகழும் கிடைத்தது. ஆனால் அவர் சொன்ன மாதிரி மற்றவர்கள் தேடினால் ஒரு பூச்சி கூடக் கிடைக்கவில்லை.

1829-ல் ரஸ்பாய் என்ற வேதியியலாளர் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். (பாரிஸில் இவர் பெயரில் ஒரு பெரிய சாலையே இருக்கு.) காலே வரைந்திருந்தது சிரங்குப் பூச்சி இல்லை. பழைய பாலாடைக்கட்டியில் மேயும் பூச்சி! சீஸ் மைட்.

ஆக, பூச்சி நிஜம், காட்டிய ஆதாரம் போலி. போலி அம்பலமானதும் டாக்டர்கள் எந்த முடிவுக்கு வந்தார்கள்? பூச்சியே கிடையாது என்ற முடிவுக்கு! அதே மருத்துவமனையில் லூகோல் என்று ஒரு மருத்துவர். மாவுச்சத்து இருக்கா என்று பார்க்க பள்ளி ஆய்வகத்தில் அயோடின் கரைசல் ஊற்றுவோமே, அவர் பெயரில் வழங்குவதும் அந்த வகைக் கரைசல்தான். சிரங்குப் பூச்சியைக் காட்டுபவருக்கு 300 பிராங்க் பரிசு என்று அவர் அறிவித்தார். யாராலும் காட்ட முடியாது என்ற தைரியம்.

1834 ஆகஸ்ட். ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர். ஊர் கோர்சிகா தீவு. எல்லார் முன்னாலும் ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டிவிட்டார்.

எங்கே கற்றார்? புத்தகத்தில் இல்லை. கோர்சிகாவில் ஏழைப் பெண்கள் ஊசியால் எடுப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர் அவர். லிவோர்னோவில் செஸ்தோனி பார்த்த அதே வைத்தியம், 147 வருஷம் கழித்து.

இத்தனை காலம் டாக்டர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? காரணம் ரொம்ப எளிமையானது. அவர்கள் நீர்க்கொப்புளத்தை உடைத்துத் தேடினார்கள். பூச்சி கொப்புளத்தில் இருக்காது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். சில மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய சாம்பல் நிறக் கோடு மாதிரி தெரியும். அந்தக் கோட்டின் கடைசி முனையில்தான் உட்கார்ந்திருக்கும். அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. ரெனூச்சி எடுத்தது அந்த முனையிலிருந்து. பிள்ளையை மடியில் போட்டிருந்த தாய்க்குத் தெரிந்த இடம், பேராசிரியருக்குத் தெரியவில்லை.

அடுத்த பத்தாண்டில் வியன்னாவின் ஹெப்ரா தன் தோலிலேயே பூச்சியை விட்டுப் பார்த்து, சிரங்குக்கு வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதி செய்தார். வழக்கு முடிந்தது.

முடிந்ததா? பூச்சி நிஜம் என்று ஊருக்கே தெரிந்த பிறகு புதிதாக ஒரு பிரச்சினை வந்தது.

1894. அதே பாரிஸ். திபியெர்ஜ் என்ற தோல் மருத்துவர், பூச்சி இல்லாமலே பூச்சி இருப்பதாக நம்பும் நோயாளிகளைப் பற்றி எழுதினார். ரெனூச்சி ஊசி எடுத்து சரியாக 60 வருஷம். சிலருக்கு முன்பு உண்மையில் சிரங்கு வந்து குணமாகியிருக்கும். பூச்சி போயிருக்கும், நம்பிக்கை போயிருக்காது. சிலருக்கு வந்ததே கிடையாது. ஆனால் விடாமல் சொறிவார்கள், மருந்து மேல் மருந்து பூசுவார்கள், ஒரு டாக்டர் "இல்லை" என்றால் அடுத்த டாக்டரைத் தேடிப் போவார்கள். இவர்களை "மைட் பயம் உள்ளவர்கள்" என்று அழைத்தார் திபியெர்ஜ்.

அதற்குச் சில வருஷம் முன்னால், 1889-ல், மான்யான் என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் கோகெய்ன் பழக்கம் உள்ளவர்களிடம் இதே போன்ற ஊர்வதைப் பதிவு செய்திருந்தார். தோலுக்கடியில் பூச்சி ஓடுகிறது என்று அவர்கள் தோண்டி எடுக்கப் பார்த்தார்கள். இது முக்கியமான தடயம். ஊர்வது போன்ற உணர்வை உண்டாக்கப் பூச்சி தேவையில்லை, மூளையும் நரம்பும் போதும்.

1938-ல் சுவீடனின் நரம்பியல் மருத்துவர் எக்போம் இதை முழுசாக விவரித்தார். அவர் கண்டவர்கள் பெரும்பாலும் நடுவயது தாண்டிய பெண்கள். மற்ற எல்லா விஷயத்திலும் தெளிவான ஆட்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசைக்கவே முடியாது. இதைப் பயம் என்று சொல்வதே பொருந்தாது. பயம் இருப்பவருக்கு "நான் ஓவரா பயப்படுறேனோ" என்று ஒரு சந்தேகமாவது இருக்கும். இவர்களுக்கு அந்தச் சந்தேகம் துளியும் கிடையாது. ஆங்கிலத்தில் இதை டெல்யூஷன் என்கிறோம். தமிழில் மருட்சி, பொய்த்திட நம்பிக்கை என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

"படிக்காதவங்களுக்குத்தான் இப்படி வரும்" என்று நினைத்தால் அடுத்த கதையைக் கேளுங்க.

ஜே டிரேவர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விலங்கியலாளர். நீரோடைகளில் வாழும் மேஃப்ளை என்ற பூச்சி இனத்தில் பெரிய நிபுணர். 1951-ல் வாஷிங்டன் பூச்சியியல் சங்கத்தின் ஆய்விதழில் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. வீட்டுத் தூசியில் வாழும் ஒரு மைட் தன் தலைத்தோலில் குடியேறி வருஷக்கணக்கில் வதைக்கிறது என்று எழுதியிருந்தார். தோலை நகத்தால் தோண்டி எடுத்தது, பூச்சிக்கொல்லி உட்பட ஏகப்பட்ட ரசாயனங்களைத் தலையில் பூசியது, தன் வீட்டாருக்கும் பரவிவிட்டது என்று நம்பியது எல்லாம் அதில் இருக்கு.

தூசி மைட் மனிதத் தோலுக்குள் வாழாது. அது சாப்பிடுவது நாம் உதிர்க்கும் தோல் துகள்களை. அவரைத் தவிர வேறு யாராலும் அந்தப் பூச்சியை அவர் தோலில் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு அந்தக் கட்டுரையைப் படிக்கும் துறை வல்லுநர்கள், இது எக்போம் சொன்ன நோயின் பாடப்புத்தக உதாரணம் என்கிறார்கள். பூச்சியை அடையாளம் காண்பதையே தொழிலாகக் கொண்டவருக்கே இந்த நிலை. அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. எனக்கு அந்தக் கட்டுரையில் சிரிக்க ஒன்றுமே தெரியவில்லை. ஒரு மனுஷி பல வருஷம் தூங்காமல் தன் தலையில் விஷம் பூசியிருக்கிறார், அவ்வளவுதான்.

இப்படி வருபவர்கள் ஆதாரத்தைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்து வருவது வழக்கம். 1983-ல் லான்செட் இதழில் இதற்குத் "தீப்பெட்டி அடையாளம்" என்றே பெயர் வந்துவிட்டது. இப்ப தீப்பெட்டி குறைஞ்சு போச்சு. ஜிப் கவர், மாத்திரை டப்பா, இல்லன்னா செல்போனில் பெரிதாக்கி எடுத்த நூறு போட்டோ.

2002 வாக்கில் இது இணையத்துக்கும் வந்தது. தோலிலிருந்து கலர் கலராக நூல் வருகிறது, புது நோய், இதற்குப் பெயர் மார்ஜெல்லான்ஸ் என்று அமெரிக்காவில் கிளம்பியது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் குழந்தைகளின் முதுகில் முரட்டு முடி முளைத்ததாக தாமஸ் பிரவுன் என்ற மருத்துவர் எழுதிய குறிப்பிலிருந்து எடுத்த பெயர் அது. ஆயிரக்கணக்கானோர் எனக்கும் இருக்கு என்றார்கள். "எல்லாம் மனப்பிரமை" என்று கடந்து போகாமல், அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. வடக்கு கலிபோர்னியாவில் முறையான ஆய்வு நடத்தி 2012-ல் முடிவை வெளியிட்டது. 115 பேர். தோலிலிருந்து எடுத்த நூல்களைச் சோதித்தால் பெரும்பாலானவை பருத்தி. உடுத்தும் துணியின் நூல். ஒட்டுண்ணியோ தொற்றோ கிடைக்கவில்லை.

எனக்கு இதில் பிடித்தது முடிவு இல்லை, முறை. பார்த்தார்கள். சோதித்தார்கள். பிறகு சொன்னார்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்றேன்னா, "ஒண்ணுமில்ல, உங்க மனசுதான்" என்று அவசரமாகச் சொல்வதில் ஆபத்து இருக்கு. இதற்கு 1941-க்குப் போகணும்.

இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் சிப்பாய்களிடையே சிரங்கு பரவியது. படுக்கை, கம்பளி வழியாகத்தான் பரவுகிறது என்று நம்பி அவற்றைச் சுத்திகரிக்கவே ஏகப்பட்ட உழைப்பு போனது. கென்னத் மெல்லன்பி என்ற பூச்சியியலாளர், துப்பாக்கி தூக்க மனசாட்சி இடம் தராது என்று போருக்கு மறுத்தவர்களை ஷெஃபீல்டில் ஒரு வீட்டில் தங்க வைத்தார். அவர்கள் தன்னார்வலர்கள். சிரங்கு சிப்பாய்களின் அழுக்குக் கம்பளியில் படுத்தார்கள், உள்ளாடையைப் போட்டுக்கொண்டார்கள். பெரும்பாலும் தொற்றவே இல்லை. நோயாளியோடு உடம்போடு உடம்பு ஒட்டிப் படுத்தபோதுதான் தொற்றியது.

அவர் கண்ட இன்னும் இரண்டு விஷயங்கள் எங்களுக்கு இன்றும் சோறு போடுகின்றன.

ஒன்று, உடம்பெல்லாம் அரிக்கும் ஒரு சிரங்கு நோயாளியின் மேல் எத்தனை பூச்சி இருக்கும் என்று நினைக்கறீங்க? ஆயிரம்? சராசரி 11. பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்தோ அதற்கும் குறைவோ. மொத்த உடம்பிலும் நாலே நாலு பூச்சி! தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பவரிடம் அந்தக் கோடு கூடச் சரியாகத் தெரியாது. அவசர ஓ.பி.யில் அரை நிமிஷம் பார்த்துவிட்டு "பூச்சி இல்லை" என்றால், அது பூச்சி இல்லை என்று அர்த்தமாகாது. தேடவில்லை என்று அர்த்தம்.

இரண்டு, முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்க ஒரு மாதம் வரை ஆகும். ஏற்கெனவே வந்தவருக்கு மறுபடி தொற்றினால் ஒரே நாளில் அரிக்கும். காரணம், அரிப்பு பூச்சி கடிப்பதால் வருவதில்லை. பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் நம் உடம்பு காட்டும் ஒவ்வாமை அது. அதனால்தான் பூச்சி எல்லாம் செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு தொடரும். இந்த இடைவெளியில்தான் நிறைய பேர் "மருந்து வேலை செய்யல" என்று மறுபடி மறுபடி களிம்பு பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். சிலருக்கு அந்தச் சந்தேகமே நிரந்தர நம்பிக்கையாகவும் மாறிவிடுகிறது. திபியெர்ஜ் பார்த்தவர்களில் சிலரைப் போல.

சரி, எப்படிப் பிரித்து அறிகிறோம்?

சிரங்கு என்றால் ராத்திரியில் அரிப்பு கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு. பெரியவர்களுக்கு முகத்தில் பொதுவாக வராது. வீட்டில் இன்னொருவரும் சொறிவார். கோட்டைக் கண்டுபிடித்துச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பூச்சியோ முட்டையோ கிடைக்கும்.

மருட்சி என்றால் காயம் எல்லாம் கை எட்டும் இடத்தில் இருக்கும். நடுமுதுகு மட்டும் பளிச்சென்று இருக்கும். பூச்சியின் வாழ்க்கையை விவரமாகச் சொல்வார்கள். நிறம் மாறும், மூக்கு வழியா வரும், சோபாவிலிருந்து குதிக்கும் என்று. அதற்காகக் "கூட இருப்பவருக்கும் இருக்கு" என்றாலே சிரங்கு என்று எழுதிவிட முடியாது. ஒருவரின் நம்பிக்கை நெருங்கியவருக்கும் தொற்றிக்கொள்வது உண்டு. கணவன் மனைவி, தாய் மகள் என்று இரண்டு பேரும் ஒரே பூச்சியைச் சொல்வார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கூட்டம் இருக்கு. அவர்களைத் தவறவிடக் கூடாது. ஏ.சி. பெட்டிக்குப் பக்கத்தில் புறா கூடு கட்டியிருந்தால், அதிலிருந்து வரும் மைட் நிஜமாகவே கடிக்கும், ஆனால் நம் தோலில் தங்காது. உடம்பில் தேடினால் கிடைக்காது, வீட்டில் தேடினால் கிடைக்கும். சர்க்கரை நோய், தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, பி12 குறைபாடு இவற்றிலும் ஊர்வது போல இருக்கும். பார்க்கின்சன் மாத்திரைகள் சிலவற்றாலும் வரலாம். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் பூச்சி ஊர்வதைப் "பார்ப்பார்". அது எமர்ஜென்சி, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஒன்றும் இல்லை என்றால்தான் மருட்சி என்ற பெயர். 1970-களில் பிமோசைடு என்ற மாத்திரை இதற்குப் பலன் தருவது தெரிந்தது. இப்போது ரிஸ்பெரிடோன் போன்றவற்றைக் குறைந்த அளவில் தருகிறோம். எடுத்துக்கொள்பவர்களில் பலருக்கு நல்ல முன்னேற்றம் வருகிறது. சிக்கல் என்னவென்றால், பூச்சிக்கு மனநல மாத்திரையா என்று எடுக்க மாட்டார்கள். அதனால் நாங்கள் வாதம் செய்வதில்லை. "பூச்சி இருக்கு" என்றும் பொய் சொல்வதில்லை. "உங்களுக்கு ஊர்ற உணர்வு நிஜம். தேடிப் பார்த்தேன், பூச்சி கிடைக்கல. அந்த உணர்வைக் குறைக்க இந்த மாத்திரை உதவும்" என்போம். மூன்றும் உண்மைதான்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் "பைத்தியமா உனக்கு" என்று மட்டும் கேட்டுவிடாதீங்க. அடுத்த முறை உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, ராத்திரி தனியா பூச்சி மருந்தை எடுத்துப் பூசிக்குவாங்க. வயலுக்கு அடிக்கிற மருந்து, பினாயில், மண்ணெண்ணெய், டெட்டாலை அப்படியே ஊற்றுவது, எதுவும் தோலுக்கு ஆகாது. வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கவனம். தன் பூச்சி பிள்ளைக்கும் வந்துவிட்டது என்று நம்பி அதன் மேலும் பூசிவிடுவார்கள்.

உண்மையான சிரங்கு என்றால் பெர்மெத்ரின் 5% களிம்பு. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு விடாமல், ராத்திரி பூசிக் காலையில் குளிக்கணும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிக்குதோ இல்லையோ, வீட்டில் எல்லாரும் ஒரே நாளில். கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் டாக்டரைக் கேட்டுத்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு, மனநலப் பிரிவு இரண்டுமே இருக்கு. முதலில் தோல் பிரிவுக்கே வாங்க. டப்பாவில் பிடித்து வைத்திருந்தால் அதையும் கொண்டு வாங்க. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க இரண்டு நிமிஷம்தான் ஆகும்.